இடம் கொடுத்த வீட்டின் வாசல்

தலயாத்திரை செல்பவர்களுக்கு எப்போதும் இரண்டு கவலைகள் உண்டு. தரிசனம் நல்லபடியாகக் கிடைக்க வேண்டுமே என்பது ஒன்று. இரவில் தலை சாய்க்க ஓரிடமும், வாயில் வைக்கத்தக்க ஆகாரமும் அமைய வேண்டுமே என்பது மற்றொன்று. முதற்கவலையை இறைவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடலாம். இரண்டாவதை அப்படி விட மனம் துணிவதில்லை. காசிக்கும் பத்ரிக்கும் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சந்நிதியைப் பற்றிப் பத்து வார்த்தை சொன்னால், தங்கிய சத்திரத்தைப் பற்றி நூறு வார்த்தை சொல்வார்கள். அறியாத ஊரில் நம்மை ஏற்றுக்கொண்ட வாசல், தரிசனத்தின் ஒரு பகுதியாகவே நெஞ்சில் பதிந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில், ஜப்பான் நாட்டின் இஸே என்னும் கடற்கரை நகரிலும் அதன் அருகிலும் மூன்று இரவுகள் தங்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. ஜப்பானியரின் சூரிய தேவியான அமதெராசு கோயில் கொண்டிருக்கும் தலம் அது. நகோயாவில் பொறியாளராகப் பணிபுரியும் எங்கள் மகன் அழைத்துச் சென்றான். என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. என்னுடன் வந்தவர் என் மாமியார். நான் அவரை அம்மா என்றுதான் அழைப்பேன்.

அம்மாவுக்கு வயது 76. திருமணமாகித் தஞ்சை மாவட்டத்து எங்கள் கிராமத்துக்கு வந்த நாள் முதல், வெளியில் சமைத்த உணவை அவர் தொட்டதில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணமானாலும் மடியாகச் சமைத்த சாதமும் மோரும்தான். இவ்வளவு நியமத்தோடு 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. வேளைக்கு மாத்திரை, வேளைக்கு உணவு என்பது மருத்துவரின் கட்டளை. இப்படிப்பட்டவர் கடல் கடந்து வரச் சம்மதித்ததே பேரனிடம் வைத்திருந்த பாசத்தால்தான். அவனை ஐந்து வயது வரை மடியில் வைத்து வளர்த்தவர் அவர். “அங்கே சுவாமி தரிசனம் உண்டென்றால் வருகிறேன், கண்ணா” என்ற ஒரே நிபந்தனையோடு புறப்பட்டார்.

நகோயாவில் மகனுடைய வீட்டில் நானே சமைத்ததால் தொல்லை ஏதுமில்லை. இஸேக்குப் புறப்பட்டபோதுதான் சோதனை ஆரம்பமாயிற்று. நகோயாவிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஆனால் இரண்டு பெருங்கோயில்களையும் அம்மாவால் ஒரே மூச்சில் நடந்து தரிசிக்க இயலாது. மேலும், கடற்கரையில் சூரியோதயத்தைக் காண அங்கேயே இரவு தங்கியாக வேண்டும். அவல், வெல்லம், பொரிவிளங்காய் உருண்டை, ஒரு சீப்பு வாழைப்பழம் ஆகியவற்றைத் தம் பையில் நிரப்பிக்கொண்டு, “மூன்று நாள் தானே, இது போதும்” என்றார் அம்மா.

யாத்திரை வந்த தேவி

இஸே தலத்தின் வரலாறே ஓர் இருப்பிடம் தேடிய கதைதான். அமதெராசு தேவிக்கு ஏற்ற உறைவிடம் வேண்டி, யமதோஹிமே என்னும் அரசகுமாரி தேவியின் புனிதச் சின்னத்தைச் சுமந்துகொண்டு நாடு நாடாக அலைந்தாளாம். இஸேயின் இசுஸு நதிக்கரைக்கு வந்தபோது, ‘இவ்விடமே எனக்கு உகந்தது’ என்று தேவி திருவுளம் காட்டினாளாம். இது சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததென்பது அவர்கள் மரபு. அக்கோயிலை நைகூ, அதாவது உட்கோயில் என்கிறார்கள்.

அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, தனக்கு அமுது படைக்க ஒரு துணை வேண்டுமென்று தேவி மன்னனின் கனவில் தோன்றிக் கூறினாளாம். அதன்படி உணவுக்கு அதிதேவதையான தோயோஉகே அங்கே எழுந்தருளச் செய்யப்பட்டாள். அவளுடைய கோயில் கெகூ எனப்படும் வெளிக்கோயில். யாத்திரிகர்கள் முதலில் அமுதளிக்கும் தேவியை வணங்கிவிட்டுத்தான் சூரிய தேவியிடம் போக வேண்டும் என்பது முறை.

இரு கோயில்களையும் 20 ஆண்டுகளுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் முற்றிலும் புதிதாக மரத்தால் எழுப்பி, தேவியரை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். நைகூவில் இவ்வழக்கம் கி.பி. 690-ல் தொடங்கியது. கடைசியாக 2013-ல், 62-ஆவது முறையாக நடந்தேறியது. அடுத்தது 2033-ல்.

இத்தலத்துக்கு ஒரு முறையேனும் நடந்து போக வேண்டும் என்பது பழைய ஜப்பானியரின் வாழ்நாள் ஆசை. 1830-ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வந்தனராம். காசியிலும் ராமேசுவரத்திலும் பண்டாக்கள் இருப்பதைப் போல, இங்கே ‘ஒன்ஷி’ என்னும் அர்ச்சக வகுப்பினர் இருந்தனர். ஊர் ஊராகச் சென்று பக்தர்களை அழைப்பதும், வந்தவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்து விருந்திடுவதும் அவர்கள் தொழில். 1871-ல் அரசாங்கம் அம்முறையை நீக்கிவிட்டது. கையில் காசில்லாதவர்கள் ஒரு மர அகப்பையை ஏந்திப் புறப்பட்டால் வழியிலுள்ளோர் சோறும் காசும் இட்டனர். நடக்க இயலாதவர் சிலர் தம் நாயின் கழுத்தில் காசுப்பையைக் கட்டித் தமக்குப் பதிலாக அனுப்பியதும் உண்டு. வழியிலுள்ளோர் அந்த நாய்க்கு உணவளித்து, உறங்க இடம் கொடுத்து, கோயிலுக்கு வழிகாட்டி அனுப்பினார்களாம். இதைக் கேட்டபோது அம்மா கண்கலங்கினார். “நாயை நம்பி அனுப்ப முடிந்ததென்றால், அந்த வழியில் இருந்த மனிதர்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்திருக்க வேண்டும்!” என்றார்.

முதல் இரவு

முதல் நாள் மாலை, ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு சிறிய ஹோட்டலில் தங்கினோம். அலுவல் நிமித்தம் பயணம் செய்பவர்களுக்காக ஏற்பட்டது அது. கூடத்தில் ஓர் இயந்திரம் நின்றது. அதில் பெயரைப் பதிந்து, வெளிநாட்டினராகிய நாங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் சாவி வந்தது. அறையில் இரண்டு பெட்டிகளை ஒரே சமயத்தில் திறந்துவைக்க இடமில்லை. ஆனால் ஒரு தூசி இல்லை. துவைத்து மடித்த யுகாதா என்னும் இரவு அங்கி, வெந்நீர்க் கெண்டி, தேயிலைப் பொட்டலம், செருப்பு என யாவும் அதனதன் இடத்தில் இருந்தன.

மேஜை இழுப்பறையில் புத்தருடைய உபதேசங்கள் அடங்கிய நூலொன்று இருந்தது. ஜப்பானிய ஹோட்டல் அறைகள் பலவற்றிலும் அதை வைத்திருக்கிறார்களாம். அம்மா தாம் கொண்டுவந்த குலதெய்வத்தின் படத்தை அந்நூலின் அருகிலேயே வைத்தார். அறையில் புகையறியும் கருவி இருந்தபடியால் விளக்கும் ஊதுவத்தியும் ஏற்ற இயலாது. ஒரு பூவும் ஒரு கிண்ணம் நீரும் வைத்து அன்றைய பூஜையை முடித்தார். அவலை வெந்நீரில் ஊறவைத்து, வெல்லம் சிறிதே சேர்த்து, அதுவே இரவு உணவாயிற்று.

மறுநாள் காலை கெகூவுக்குப் போனோம். வானளாவிய தேவதாரு மரங்களுக்கிடையே சரளைக்கல் பாதை. கருவறையைக் காண முடியாது. நான்கு அடுக்கு வேலிகளுக்கு அப்பால் கூரையின் நுனி மட்டுமே தெரியும். இரண்டு முறை தலைவணங்கி, இரண்டு முறை கை தட்டி, மீண்டும் ஒரு முறை வணங்குவது அவர்கள் வழிபாட்டு முறை. மகன் செய்துகாட்ட, நாங்களும் அவ்வாறே செய்தோம்.

அங்கே அம்மாவின் மனத்தைக் கவர்ந்தது வேறொரு செய்தி. அக்கோயிலில் நாள்தோறும் காலையும் மாலையும் தேவிக்கு அமுது படைக்கிறார்கள். சுமார் 1,500 ஆண்டுகளாக இந்நியமம் நடந்து வருகிறதாம். அர்ச்சகர்கள் முதல்நாள் இரவே கோயிலில் தனித்துத் தங்கி, நீராடித் தூய்மை பெறுகிறார்கள். புனிதக் கிணற்றிலிருந்து நீர் எடுக்கிறார்கள். கட்டையோடு கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்கி, அந்நெருப்பில்தான் சமைக்கிறார்கள். அரிசி கோயிலுக்குரிய வயலில் விளைகிறது. காய்கனிகள் கோயிலுக்குரிய தோட்டத்தில் விளைகின்றன. உப்பைக்கூடக் கடல்நீரிலிருந்து தாங்களே காய்ச்சி, மண் அச்சில் இட்டுச் சுட்டெடுக்கிறார்கள். படையலில் மீனும் உண்டு. அது அவர்கள் நாட்டு வழக்கம்.

அம்மா நெடுநேரம் அந்த வேலிக்கு அருகில் நின்றார். “அரணிக் கட்டையில் கடைந்த நெருப்பு! நம் யாகசாலையில் பார்த்ததை இங்கே தினமும் இரண்டு வேளை செய்கிறார்களா?” என்று பேரனிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிற்பகல் நைகூவில், மரப்பாலம் கடந்து, இசுஸு நதியில் கைகளை நனைத்துக்கொண்டு உள்ளே சென்றோம். படிகளின் மேல் தொங்கிய வெண்திரை காற்றில் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. அதுவே தரிசனம். வெளியே கடைவீதியில் 1707 முதல் விற்கப்படும் ‘அகாஃபுகு’ என்னும் இனிப்பை நானும் மகனும் உண்டோம். அரிசி மாவுருண்டையின்மேல் சிவப்புப் பயற்றின் பூரணம். நதியின் கூழாங்கல்லும் நீரோட்டமும் போன்ற வடிவம். அம்மா வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பட்டினி கிடந்த இரவு

அன்று இரவு அடுத்த ஊரான டோபாவில், கடலை நோக்கிய குன்றின்மேல் ஒரு பெரிய ஹோட்டலில் அறை எடுத்திருந்தோம். சாளரத்தைத் திறந்தால் தீவுகளும், முத்துச்சிப்பி வளர்க்கும் மிதவைகளும், மாலைக் கடலும். இவ்வளவு அழகிய காட்சியை நான் அதுவரை கண்டதில்லை. அறையைப் பதியும்போதே சைவ உணவு வேண்டும் என்று மகன் எழுதியிருந்தான். ஆகட்டும் என்று பதிலும் வந்திருந்தது.

அம்மா அதை நம்பிச் சோற்றை மட்டுமாவது உண்பதென்று தம்மைச் சம்மதிக்கச் செய்துகொண்டு, மாத்திரையையும் விழுங்கிவிட்டு உணவுக்கூடத்துக்கு வந்தார். தட்டுகள் வந்தன. காளான், கத்தரிக்காய், டோஃபு என எல்லாம் காய்கறிதான். ஆயினும் அந்நாட்டுச் சமையலை அறிந்த மகன், பரிமாறிய இளைஞனை அழைத்து, இவை எந்தச் சாற்றில் வெந்தவை என்று கேட்டான். அவன் சமையலறைக்குள் சென்று திரும்பி வந்து, தலை தாழ்த்தி உண்மையைச் சொன்னான். உலர்த்திச் சீவிய மீனைக் கொதிக்கவைத்து வடித்த சாறு! ‘தாஷி’ என்பது அதன் பெயர். ஜப்பானியச் சமையலுக்கு அதுவே அடிப்படை. நம் சாம்பாருக்குப் பருப்பு எப்படியோ, அப்படி. சோற்றிலும் அன்று ஏதோ கலந்து வேகவைத்திருந்தார்கள். மாமிசத் துண்டு இல்லையென்றால் சைவம் என்பது அவர்கள் கணக்கு. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் அந்த அடுக்களையில் ஒருவருக்கென்று தனியாகச் சமைக்க வழியில்லை என்று, மிகவும் வருந்தி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். அறைக்கு வந்து ஒரு பழத்தை மட்டும் உண்டு படுத்துவிட்டார். அவல் அன்று காலையோடு தீர்ந்திருந்தது.

இரவு இரண்டு மணியளவில் அவர் முனகும் ஓசை கேட்டு விழித்தேன். உடம்பெல்லாம் வியர்வை, கைகள் நடுங்கின, கேட்ட கேள்விக்குப் பதில் குழறியது. மாத்திரை போட்டுக்கொண்டு உணவில்லாததால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்பது புரிந்தது. எஞ்சியிருந்த வெல்லத்தைப் பொடித்து வெந்நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டினோம். கால் மணி நேரம் கழித்துத்தான் முகத்தில் தெளிவு வந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த தெய்வங்களின் பெயர்களையெல்லாம் சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் நகோயாவுக்குத் திரும்பிவிடலாம் என்று நானும் மகனும் முடிவு செய்தோம். அம்மா இசையவில்லை. “இவ்வளவு தூரம் வந்து சூரியனைப் பார்க்காமல் திரும்புவதா? ஒரு நாள்தானே. பாலும் பழமும் வாங்கிக் கொடு, கண்ணா. எனக்கு ஒன்றும் ஆகாது” என்றார். மகன் முகம் வாடிப்போயிற்று. பாட்டியை அழைத்து வந்து ஒருவேளைச் சோறு போட முடியவில்லையே என்ற வேதனை அவனுக்கு.

வாசலில் தொங்கிய கயிறு

மூன்றாம் நாள் போன இடம் ஃபுதாமி. இஸே நகரின் கடலோரப் பகுதி. பழைய காலத்தில் யாத்திரிகர்கள் இக்கடலில் நீராடித் தூய்மை பெற்ற பின்னரே கோயில்களுக்குச் செல்வார்களாம். ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தம் போல. கோயிலுக்கு உப்புக் காய்ச்சுவதும், காய்கறித் தோட்டம் இருப்பதும் இங்கேதான். அலைவாய்க்கரையை ஒட்டி, மரத்தாலான பழைய யாத்திரிகர் விடுதிகள் சில நிற்கின்றன. ரியோகான் என்பார்கள்.

மகன் முன்னதாகவே தொலைபேசியில் அந்த விடுதித் தலைவியிடம் விவரத்தைச் சொல்லியிருந்தான். அத்தகைய தலைவியை ‘ஒகாமி’ என்று மரியாதையாக அழைப்பது வழக்கம். அவர் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லையாம். பாட்டி எதையெதை உண்பார், எந்தப் பாத்திரத்தில் சமைத்தால் உண்பார், வெங்காயம் பூண்டு ஆகுமா, எத்தனை மணிக்கு மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே, “வாருங்கள்” என்றாராம்.

விடுதியின் வாசலில் வைக்கோலால் முறுக்கிய கயிறு ஒன்று தோரணமாகத் தொங்கியது. அதன் நடுவில் எழுத்துகள் பொறித்த சிறு மரப்பலகை. மற்ற ஊர்களில் புத்தாண்டுக்குக் கட்டிப் பின் அவிழ்த்துவிடுவார்கள். இஸே வட்டாரத்தில் மட்டும் ஆண்டு முழுவதும் வாசலில் வைத்திருக்கிறார்கள். “என்ன எழுதியிருக்கிறது?” என்று அம்மா கேட்க, மகன் படித்துச் சொன்னான்: இது ஸோமின் ஷோராயின் வழித்தோன்றல்களுடைய இல்லம். அந்தக் கதையை ஒகாமியே எங்களுக்குச் சொன்னார்.

முன்னொரு காலத்தில் அமதெராசுவின் தம்பியான சுசானோ, ஏழை வழிப்போக்கனைப் போல வந்து இரவு தங்க இடம் கேட்டானாம். செல்வனான சகோதரன் கதவைச் சாத்திவிட்டான். ஏழையான ஸோமின் ஷோராய் தன் குடிசைக்குள் அழைத்து, தினைத்தாளைப் பரப்பி அமரச் செய்து, தினைச்சோறு இட்டான். பிற்காலத்தில் ஊரைக் கொள்ளைநோய் சூழ்ந்தபோது அந்த வீட்டாரை மட்டும் நோய் தீண்டவில்லை. ‘நான் ஸோமினின் வழிவந்தவன்’ என்று சொல்பவரை என்றும் காப்பேன் என்று அந்தத் தெய்வம் வரமளித்ததாம். அதனால்தான் வாசல்தோறும் அந்தப் பலகை.

மகன் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: “இது நம் இளையான்குடி மாறனார் கதையல்லவா!” மழை இரவில் சிவனடியாராய் வந்த பெருமானுக்கு அமுது படைக்க, பகலில் விதைத்த நெல்லை இருட்டில் வாரிக்கொண்டு வந்த நாயனாரின் கதையை, அம்மா சொல்லச் சொல்ல, மகன் ஜப்பானிய மொழியில் ஒகாமிக்குச் சொன்னான். ‘விதைநெல்லையா?’ என்று கேட்டு அந்த அம்மையார் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். உழவர் வீட்டுப் பெண்ணாம் அவர். விதைநெல் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

உள்ளே நுழையுமுன் காலணியைக் கழற்றிவிட வேண்டும். கோரைப்பாய் விரித்த தாதாமி அறையில் செருப்போடு நடப்பதில்லை. சுவரில் ஒரு மாடம். அதில் ஓர் ஓவியச் சுருளும் ஒற்றைப் பூவும். அங்கே பெட்டி வைப்பதோ கால் வைப்பதோ தகாது. பணிப்பெண் மண்டியிட்டுத் தேநீர் தந்தார். இரவானதும் அவரே மெத்தையை விரித்தார். பகலில் அது அலமாரிக்குள் மறைந்துவிடும். கழிப்பறைக்கென்று வேறு செருப்பு இருந்தது. “இதைத்தானே நான் நாற்பது வருஷமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்று அம்மா என்னைப் பார்த்தார்.

குளியல் மட்டும் சிறிது தயக்கம் தந்தது. அங்கே பொதுக்குளியல் வழக்கம். பெண்களுக்குத் தனியிடம்தான் என்றாலும் ஆடையின்றி இறங்க வேண்டும். எங்கள் தயக்கத்தைக் கண்ட ஒகாமி, குடும்பத்தினர் தனியே குளிக்கும் சிற்றறையின் சாவியைத் தந்தார். சிறு முக்காலியில் அமர்ந்து, உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். சோப்பு நுரையோ துண்டோ தொட்டிநீரில் படக்கூடாது. அம்மா மிகவும் மெச்சிக்கொண்டார். திருக்குளத்தில் இறங்குபவர்கள் எல்லாரும் இவ்விதியைப் பின்பற்றினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றார்.

படையலின் பிரசாதம்

மாலை ஆறு மணிக்கு உணவு. ஒகாமி ஒரு தட்டில் உலர்ந்த கடற்பாசியையும் காளானையும் எடுத்துவந்து காட்டினார். மீனுக்குப் பதிலாக இவற்றைக் கொண்டுதான் சாறு எடுத்தோம், புதுப் பாத்திரத்தில் சமைத்தோம் என்றார். நானும் மகனும் உண்டோம். அம்மா கைகூப்பி நன்றி சொன்னார், ஆனால் உண்ணவில்லை. பாலும் பழமும் போதும் என்றுவிட்டார். ஐம்பது ஆண்டுக்கும் மேலான நியமம் ஒரு மாலையில் இளகிவிடுமா? ஒகாமி வற்புறுத்தவில்லை; முகம் சுளிக்கவும் இல்லை. இரவில் பசித்தால் உதவும் என்று, உப்பு மட்டும் தடவிய இரண்டு சோற்றுருண்டைகளை மூடிவைத்துவிட்டுப் போனார். முதல்நாள் இரவு நடந்ததை மகன் சொல்லியிருந்தான். நான் அன்றிரவு சரியாக உறங்கவில்லை. அந்த உருண்டைகள் காலை வரை அப்படியே இருந்தன.

அதிகாலை நான்கு மணிக்குக் குளித்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். கடலில் இரண்டு பாறைகள். ஒன்று ஒன்பது மீட்டர் உயரம். மற்றொன்று ஏறத்தாழ நான்கு மீட்டர். தம்பதிப் பாறைகள் என்பது பெயர். இரண்டையும் பருத்த வைக்கோல் கயிறுகளால் பிணைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு மூன்று முறை கயிற்றை மாற்றுகிறார்கள். மே முதல் ஜூலை வரை அப்பாறைகளின் இடைவெளியில் கதிரவன் உதிப்பதைக் காணலாம். 4.40 மணிக்கு உதயம். அடிவானத்தில் மேகம் இருந்ததால் சிறிது நேரம் காக்க வேண்டியிருந்தது. பிறகு, அந்தக் கயிற்றுக்குக் கீழே செம்பொன்னாய் ஒரு கீற்று. கரையில் நின்றவர்கள் இரு முறை கைதட்டி வணங்கினார்கள். அம்மா கடல்நீரைக் கையில் அள்ளி, அர்க்கியம் விட்டு, தமக்குத் தெரிந்த சூரிய துதியை வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், அம்மா முடிக்கும் வரை தலை தாழ்த்தியே நின்றார்.

விடுதிக்குத் திரும்பியபோது ஆறரை மணி. கூடத்தின் ஓரத்தில், உயரமான மரத்தட்டில் ஒரு சிறு கோயில் இருப்பதை முதல்நாள் நாங்கள் கவனிக்கவில்லை. காமிதானா என்பார்கள், நம் பூஜை அலமாரி போன்றது. ஒகாமி புத்தாடை உடுத்து, அப்போதுதான் வெந்த சோற்றிலிருந்து முதல் பிடியைச் சிறு வெள்ளைத் தட்டில் எடுத்து, உப்பும் நீரும் உடன்வைத்துப் படைத்தார். இரு முறை வணங்கி, இரு முறை கைதட்டி, மீண்டும் வணங்கினார். வேலையாட்கள் எவரும் அதற்கு முன் ஒரு வாய் நீர்கூட அருந்தவில்லை.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். “தினமும் இப்படித்தானா என்று கேள்.”

தினமும் இப்படித்தான் என்று பதில் வந்தது. மாமியார் காலத்திலிருந்து ஒரு நாளும் தவறியதில்லையாம்.

“படைத்த சாதத்தைப் பிறகு என்ன செய்வார்கள்?”

கீழே இறக்கி, வீட்டார் உண்பார்கள் என்றார் ஒகாமி. அதற்கு ‘ஒசகாரி’ என்று பெயர். தெய்வத்திடமிருந்து இறங்கி வந்தது என்று பொருள்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, “கண்ணா, அதில் எனக்கு ஒரு பிடி கிடைக்குமா என்று கேள். சுவாமிக்குப் படைத்த சாதத்துக்கு ஏது விலக்கு?” என்றார்.

ஒகாமி அந்த வெள்ளைத் தட்டை இறக்கி, மண்டியிட்டு, இரு கைகளாலும் நீட்டினார். அம்மாவும் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டார். வெறும் சோறும் ஒரு கல் உப்பும். அதன்பின் பாயில் அமர்ந்து, கடற்பாசிச் சாற்றில் கரைத்த மிஸோ, டோஃபு, உப்பிலிட்ட முள்ளங்கி என்று முழுச் சாப்பாடும் சாப்பிட்டார். சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மகன் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கண்ணீரை நாங்கள் காணக்கூடாதென்று நினைத்தான் போலும்.

ஆதித்தனும் அமதெராசுவும் ஒன்றா என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. அதற்கான தகுதியும் எனக்கு இல்லை. அம்மாவும் தம் நியமத்தை விட்டுவிடவில்லை. இன்றும் வெளியில் உண்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் அவர் கண்டது விடுதிச் சோறு அல்ல. முதல் பிடியைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வந்தவருக்கு இடும் வீட்டின் சோறு. கெகூவில் 1,500 ஆண்டுகளாக நடப்பதும், ஒகாமி விடியற்காலையில் செய்வதும், முந்திய மாலை ஒரு வெளிநாட்டுப் பாட்டிக்காகப் புதுப் பாத்திரம் எடுத்ததும் ஒரே செயலின் மூன்று உருவங்கள்தாம். விருந்தினரைத் தெய்வமாகக் கருதும்படி தைத்திரீய உபநிடதம் நமக்குச் சொல்லியிருக்கிறது. அதைப் படித்தே இராத ஓர் அம்மையார் அதன்படி நடந்துகாட்டினார்.

புறப்படும்போது அம்மா தனியாகப் பணம் கொடுக்கப் பார்த்தார். ஜப்பானில் அன்பளிப்புப் பணம் வாங்கும் வழக்கமில்லை. ஒகாமி பணிவாக மறுத்தார். அம்மா பையிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியும் மஞ்சளும் எடுத்து, சுமங்கலிக்குக் கொடுப்பது போலக் கொடுத்தார். அதை மறுக்கவில்லை. பதிலுக்கு அவர் தந்தது ஒரு சிறு பீங்கான் தவளை. ஃபுதாமி கோயில் முழுவதும் தவளைச் சிலைகள்தாம். அவர்கள் மொழியில் ‘கயேரு’ என்றால் தவளை. திரும்பி வருதல் என்றும் பொருள். நலமாக வீடு திரும்புங்கள் என்பது கருத்து. தெரு முனை திரும்பும் வரை அவரும் பணிப்பெண்களும் வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தலத்துக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. மீன்சாறும் ஆகாது என்பதை ஜப்பானிய மொழியில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே தெரிவித்து, முடியுமா என்று தெளிவாகக் கேளுங்கள். முடியாது என்பவரை வற்புறுத்த வேண்டாம். ரியோகானில் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் அறை தருவார்கள். இரவு உணவுக்குக் குறித்த நேரத்தில் இருந்தாக வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்கள் உணவு கண்முன் வந்த பிறகே மாத்திரையை எடுங்கள் என்று எங்கள் மருத்துவர் பின்னர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை மாதத்தில் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்கள் எங்கள் தெரு வழியாகச் செல்வது வழக்கம். அம்மா ஆண்டுதோறும் வாசலில் பானை வைத்து மோர் ஊற்றுவார். மடி காரணமாக அவர்களைப் படி ஏறச் சொல்வதில்லை. இந்தச் சித்திரையில் திண்ணையையும் முன்கூடத்தையும் கழுவி, கோலமிட்டு, பாய் விரிக்கச் சொன்னார். காலையில் முதல் பிடி சாதத்தைச் சுவாமிக்கு நிவேதனம் செய்துவிட்டு, அவரே அகப்பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அன்று எங்கள் வீட்டில் நாற்பத்தொரு பேர் அமர்ந்து உண்டார்கள்.